ஊருக்கு ஏற்ற படிப்பு

ஹால்வர் ஊரில் மொத்தம் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கியது பிரென்னாதான். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம். மார்ச் மாதமாகியும் வடக்கு டகோட்டாவில் பனி உருகவில்லை. ஹாகன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே களஞ்சியத்தின் பாதிச் சுவர் பனிக்குள் புதைந்து கிடந்தது. அடுப்படி மேசையில் அவளும் எவரெட் சோல்பெர்க்கும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பிரென்னாவின் அப்பா லாய்ட் ஹாகன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா அரிசோனாவுக்குப் போய் வேறொருவரைக் கட்டிக்கொண்டுவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் சமையல் அவர்தான். பெரும்பாலும் முட்டைதான்.

"டீச்சர். நர்ஸ். பேங்க். தானியக் கிடங்கு ஆபீஸ். தபால் ஆபீஸ்." பிரென்னா ஒரு கை முடித்து மறு கைக்கு வந்தாள். "ஆர்டிஸ் அம்மாவோட மருந்துக்கடை. அவ்வளவுதான்."

"பாதிரியார விட்டுட்டியே" என்றார் லாய்ட், திரும்பாமலே.

"எவ் பாதிரியாரா? நல்லாருக்கும் போங்க. ஜெபம் சொல்லும்போது அவனே தூங்கிடுவான்." எவரெட்டை அவள் எவ் என்றுதான் கூப்பிடுவாள்.

எவரெட்டுக்கு வானிலை படிக்க வேண்டும் என்று ஆசை. அவனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது அப்பா கல்குவாரி விபத்தில் இறந்த பிறகு, அம்மா டோரீன் அவனை அழைத்துக்கொண்டு ஹால்வருக்கு வந்து பள்ளிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். வந்த முதல் கோடையில் மேற்கிலிருந்து ஒரு புயல் மேகம் எழும்பி வந்ததை அவன் பார்த்தான். மறைக்க ஒரு மரமோ குன்றோ இல்லாத அந்தச் சமவெளியில் அது ஊரையே விழுங்குவதுபோல வளர்ந்தது. எல்லோரும் நிலவறைக்கு ஓட, அவன் மட்டும் வாசலில் நின்றான். டோரீன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவனுக்கு வேறெதிலும் மனம் போகவில்லை.

"வானத்தப் பாக்கறதுக்கு இங்க யாரும் சம்பளம் தரமாட்டாங்க தம்பி" என்று லாய்ட் தட்டை அவன் முன் வைத்தார். "நாங்க எல்லாருமே அத சும்மாதான் பாத்துக்கிட்டிருக்கோம்."

மூவரும் சிரித்தார்கள். பிரென்னாவுக்குக் கவலையே இல்லை. அவள் மண் அறிவியல் படிக்கப் போகிறாள். திரும்பி வந்து அப்பாவின் கோதுமை நிலத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். அது அவள் நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே முடிவான விஷயம்போல எல்லோரும் பேசினார்கள், அவளும்தான் பேசினாள்.

"ஆர்டிஸுக்கு எழுபது ஆகப்போவுது" என்றார் லாய்ட். "ஆள் கெடைக்கலேன்னா மூடிடுவேன்கிறா. அப்புறம் ஒரு தலைவலி மாத்திரைக்கு மைனாட் வரைக்கும் ஓடணும். பனிக்காலத்துல யார் போறது?"

"மருந்தியல் படிச்சா?" என்றான் எவரெட்.

பிரென்னா வாயில் இருந்த முட்டை புரையேறச் சிரித்தாள். "நீயா? கெமிஸ்ட்ரில நீ வாங்கின மார்க்க நான் பாத்திருக்கேன்டா. ஊரையே காலி பண்ணிடுவே."

அவள் சிரித்து முடிப்பதற்குள் அவன் முடிவு செய்துவிட்டான். அவள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவளுக்குப் பக்கத்தில் வாழ வேண்டுமானால் இந்த ஊரில் வாழ வேண்டும், இந்த ஊரில் வாழ வேண்டுமானால் அந்த ஆறு வேலைகளில் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவன் மனம் கணக்குப் போட்டுக்கொண்டது. பதினெட்டு வயதில் அது தியாகமாகத் தோன்றவில்லை. புத்திசாலித்தனமாகத்தான் தோன்றியது.

டோரீன் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிச் சமையலறையில், கை முழங்கைவரை சோப்பு நுரையில் இருக்க, பெரிய தட்டுகளைத் தேய்த்தபடி சொன்னாள்:

"ஒரு பொண்ணுக்காக படிப்ப மாத்தாத எவரெட்."

"பொண்ணுக்காக இல்லம்மா. வேல இருக்கு. கடை இருக்கு. நீயும் இங்கதான இருக்கே."

"என்னை இழுக்காத. நான் இந்த ஊருக்கு வேல தேடி வந்தவ. வேல முடிஞ்சா போயிடுவேன். நீ அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துத்தான பேசறே?"

"அவ நல்ல பொண்ணும்மா."

"நல்ல பொண்ணு இல்லேன்னு யார் சொன்னா?" அவள் தட்டைத் திருப்பிப் போட்டாள். "அவளே தன் மனசு இன்னதுன்னு கண்டுபிடிக்கல. அதுக்குள்ள நீ அதுல வீடு கட்டறே."

அவனுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே சரியாகிவிட்டது; படிப்பு மட்டும் மாறவில்லை.

இருவரும் ஃபார்கோவுக்குப் போனார்கள். ஒரே பல்கலைக்கழகம், வேறு வேறு கட்டடங்கள். மருந்தியல் அவனுக்கு எளிதாக வரவில்லை. பெயர்கள் மனதில் நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்து, பிரென்னாவிடம் ஒப்பித்து, அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தபின்தான் உள்ளே போயிற்று. ஆனாலும் தேறினான். வாரக் கடைசியில் இருவரும் அவளுடைய பழைய லாரியில் ஹால்வருக்கு வருவார்கள். லாய்ட் முட்டை பொரிப்பார். ஆர்டிஸ் அம்மா கடையில் அவனை நிற்க வைத்து, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யார் காது கேட்காததுபோல நடிப்பார்கள் என்று சொல்லிக்கொடுப்பாள். "எல்லாம் உனக்குத்தான்டா" என்பாள். "ஒழுங்கா படிச்சுட்டு வந்து சேரு. எனக்குக் கால் வலிக்குது."

மூன்றாம் வருடக் கோடையில் பிரென்னாவுக்கு ஆரிகனில் ஒரு மண் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி கிடைத்தது. பத்து வாரம்தான் என்று போனாள். திரும்பி வந்தபோது அவள் பேச்சின் வேகமே மாறியிருந்தது. ஈரமான கறுப்பு மண்ணைப் பற்றி, அதற்குள் வாழும் பூஞ்சைகளைப் பற்றி, பேசப் பேச அவள் கைகள் காற்றில் பறந்தன. எவரெட் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். புயல் மேகத்தைப் பற்றிப் பேசும்போது தன் கைகளும் இப்படித்தான் பறந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் ஊருக்குத் திரும்ப மாட்டாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அவள் சொல்ல இன்னும் ஆறு மாதம் எடுத்துக்கொண்டாள். விடுதி வாசலில் லாரியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னாள்.

"மேல்படிப்புக்கு அங்க எடம் குடுத்திருக்காங்க."

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு. அப்புறம் தெரியல எவ்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நேத்து சொன்னேன். 'போயிட்டு வா'ன்னார். அவ்வளவுதான் சொன்னார்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ வேணா வேற ஏதாச்சும் எடேன். வானிலை அங்கயும் சொல்லித் தர்றாங்க. நான் விசாரிச்சேன்."

"இப்பவா? நாலாவது வருஷம் ஆரம்பிச்சாச்சு. ஆர்டிஸ் அம்மா எனக்காகத்தான் கடைய மூடாம வச்சிருக்காங்க."

"நான் உன்னை மருந்து படிக்கச் சொல்லல."

"தெரியும்."

"சத்தியமா சொல்லலடா."

"தெரியும்னுதான சொல்றேன்."

அவன் இறங்கிக் கதவைச் சாத்தினான். அந்த லாரியின் கதவு எப்போதும் ஒரே முறையில் சாத்தாது; இரண்டாவது முறை இழுத்துச் சாத்த வேண்டியிருந்தது. கோபித்துக்கொண்டு அறைந்ததாக அவள் நினைத்திருக்கக்கூடும் என்று வெகுநாள் அவனுக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

எவரெட் படித்து முடித்து ஹால்வருக்கு வந்தான். ஆர்டிஸ் அம்மா சாவியைக் கொடுத்துவிட்டுத் தங்கையோடு இருக்க மின்னசோட்டாவுக்குப் போய்விட்டாள். அந்த வருடமே டோரீனும் சொன்னபடி வேலை முடிந்து பிஸ்மார்க்குக்குக் கிளம்பினாள். ஊர் அவனைக் கொண்டாடியது. வெளியே படித்துவிட்டுத் திரும்பி வந்த ஒரே பையன் என்று உணவகத்தில் யாராவது ஒருவர் அவன் காப்பிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். அவன் நன்றி சொல்வான். ஊர் பிடித்துப்போய் வந்ததாக அவர்கள் நினைத்துக்கொள்வது அவனுக்கு வசதியாக இருந்தது.

உண்மையை அறிந்தவர் லாய்ட் ஒருவர்தான். அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரர் கிளைடுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வீட்டில் தனியாக இருந்தார். அவருக்கு இருதயம் பலவீனமாகிக்கொண்டிருந்தது. முதலில் காலில் நீர் சேராமலிருக்க ஒரு மாத்திரை; பிறகு அதுவே இரட்டிப்பாயிற்று; பிறகு இன்னொன்று சேர்ந்தது. ஒவ்வொரு மருந்துச் சீட்டு வரும்போதும் எவரெட்டுக்கு அதைப் படிக்க மனம் வராது. என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல அவனுக்கு மருத்துவர் தேவையில்லை. மைனாட்டில் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னதற்கு, "அங்க போனா என்னைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க" என்று மறுத்துவிட்டார்.

கடை மூடியதும் எவரெட் அவருடைய மருந்தைத் தானே எடுத்துக்கொண்டு போவான். இருவரும் சீட்டாடுவார்கள்.

"வாய்யா மாத்திரைக்காரா. இன்னிக்கு என்ன கலர்ல கொண்டாந்திருக்கே?"

"மஞ்சள், மிஸ்டர் ஹாகன்."

"லாய்ட்னு கூப்பிடுன்னு எத்தன தடவ சொல்றது? உனக்கு மரியாதை கத்துக்குடுத்தவங்கள உதைக்கணும்."

அப்படி ஒரு ஏப்ரல் சாயங்காலம். வீங்கிய கால்களை முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். செருப்புக்குள் போகாத பாதங்களில் கம்பளிக் காலுறையை வெட்டி மாட்டியிருந்தார். சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டார்:

"பிரென்னா உனக்குப் போன் பண்றாளா?"

"எப்பவாச்சும்."

"என்னைப் பத்திக் கேட்டாளா?"

"கேட்டா. சொல்ல எனக்கு அனுமதி இல்ல. நீங்க சரின்னு சொல்லாம பெத்த பொண்ணுகிட்டகூட நான் வாயத் தொறக்கக் கூடாது. சட்டம் அப்பிடி."

"நல்ல சட்டம்."

"நீங்களே சொல்லிடுங்க மிஸ்டர் ஹாகன். இது மறைக்கற விஷயம் இல்ல."

அவர் சீட்டைக் கீழே வைத்தார். மூச்சு வாங்கிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

"சொன்னா வந்துருவா. வந்து என்னை இந்தக் கோலத்துல பாத்தா, திரும்பிப் போக மனசு வராது. இந்த அடுப்படியிலயே உக்காந்துருவா. அப்புறம் நான் செத்தாலும் நிலம் அவளப் பிடிச்சுக்கும்." பிறகு அவனை நேராகப் பார்த்தார். "அடுத்தவங்களுக்காக இந்த ஊருக்கு வந்தவன் நீ ஒருத்தன் போதும்."

இத்தனை வருடங்கள் அவர் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒவ்வொரு முறை அவன் வாசலில் வண்டியை நிறுத்தும்போதும் அவருக்கு வலித்திருக்கிறது. அது அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

"சீட்டப் போடு" என்றார் லாய்ட். "உன் கை."

மே மாதம் பிரென்னா கடைக்குப் போன் செய்தாள். மத்தியானம்; கடையில் யாரும் இல்லை.

"அப்பாகிட்ட கேட்டா 'நல்லாருக்கேன், மழைதான் இல்ல'ங்கறார். பேசும்போது மூச்சு வாங்குது எவ். நீ தெனம் பாக்கறே இல்ல? உண்மையச் சொல்லு."

"நீ ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயேன்."

"அறுவடைக்கு வர்றேன். இப்ப இங்க சோதனை வயல்ல விதைப்பு. நகர முடியாது."

"அதுக்கு முன்னாடியே வா, பிரென்னா."

"ஏன்?"

எதிரே அலமாரியில் இருமல் மருந்துகள் வரிசையாக நின்றன.

"ஏன்டா? சொல்லு."

"சும்மாதான். நீ வந்து ரொம்ப நாளாச்சு."

அவள் குரலைத் தாழ்த்தி, "எவ், நான் இங்க ஒருத்தரோட இருக்கேன். உனக்குத் தெரியும்தான? என்னை வரவைக்கறதுக்கு அப்பாவ சாக்கா வச்சுக்காத. ப்ளீஸ்" என்றாள்.

அவன் முகம் தீப்பட்டதுபோல எரிந்தது. அப்படி இல்லை என்று சொல்ல ஒரே வழிதான் இருந்தது. அந்த வழி அவனுக்கு அடைக்கப்பட்டிருந்தது. கொஞ்சமாவது அப்படியும் இருக்குமோ என்ற சந்தேகம் வேறு அவனை ஊமையாக்கியது. "சரி" என்று போனை வைத்தான்.

அதற்குப் பிறகு லாய்டை விடாமல் நச்சரித்தான். கெஞ்சினான், ஒருநாள் கத்தவும் செய்தான். ஜூலைக் கடைசியில்தான் அவர் இறங்கி வந்தார். "சரிடா, சொல்றேன். கோதுமை வெட்டி முடியட்டும். அவளும் அப்பதான வர்றேன்னா."

கோதுமை வெட்டத் தொடங்கிய மூன்றாவது நாள், வயலோரம் தன் லாரியில் உட்கார்ந்து அறுவடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். இயந்திரத்தைத் திருப்பும்போதெல்லாம் கிளைட் கையசைத்திருக்கிறார். இரண்டு முறை பதிலுக்குக் கை அசையவில்லை என்றபிறகு இறங்கி ஓடியிருக்கிறார். கோதுமைத் தூசி கண்ணாடியெல்லாம் படிந்திருந்தது. லாய்டின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

இறுதிச்சடங்குக்கு ஊரே வந்தது. தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் பெண்கள் பன்றித்தொடை சாண்ட்விச்சும் வெளிறிய காப்பியும் பரிமாறினார்கள். எல்லோரும் பிரென்னாவின் கையைப் பிடித்து, அவருக்குக் கஷ்டமில்லாத சாவு என்றார்கள். அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். கூட்டம் கரைந்ததும், மடக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த எவரெட்டிடம் நேராக வந்தாள்.

"அடுப்படி ஜன்னல்ல ஒரு வரிசையா மருந்து இருக்கு. ஒவ்வொரு புட்டியிலயும் உன் கடைப் பேரு. மூணு வருஷமா."

"ஆமா."

"உனக்குத் தெரியும். அவர் சாகப் போறார்னு தெரிஞ்சும் போன்ல 'சும்மாதான்'னே."

"நான் சொல்லக் கூடாது, பிரென்னா. சட்டம்..."

"சட்டம்!" அவள் குரல் உயர்ந்ததும், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் குழாயை மூடினார்கள். "நாலு வயசுல இருந்து இந்தக் கூடத்துல ஓடியாடினவ நான். எங்கிட்ட சட்டம் பேசறியா?"

"அவரும் சொல்ல வேணாம்னார்."

"ஏன்?"

அவன் கையிலிருந்த நாற்காலியைச் சுவரில் சாய்த்தான். "நீ வந்தா திரும்பிப் போகமாட்டேன்னு பயந்தார். உன் படிப்பெல்லாம் பாழாயிடும்னு."

அதற்கடுத்து அவர் சொன்னதை அவன் சொல்லவில்லை.

பிரென்னா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் அவள் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, பின்னால் இருந்த துக்கம் தெரிந்தது.

"போயிருப்பேன்டா" என்றாள். "வந்து பத்து நாள் அவர் பக்கத்துல உக்காந்திருப்பேன். கால் பிடிச்சு விட்டிருப்பேன். அப்புறம் போயிருப்பேன். எனக்கு அங்க வேல இருக்கு, நான் போயிருப்பேன். அத எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு அவருக்கும் தோணல, உனக்கும் தோணல." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "நீ மருந்து படிக்கப் போனப்பவும் கேக்கல. எனக்காகன்னு நீயே நெனச்சுக்கிட்டே. நான் அத எத்தன வருஷம் சுமந்தேன் தெரியுமா? ஊருக்கு வரணும்னாலே பயம். எதிர்ல நீ நிப்பேன்னு. அதனாலதான் அப்பாவ வந்து பாக்காம தள்ளிப் போட்டேன்."

எவரெட் நாற்காலியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றான். தான் இங்கே இருந்ததே அவளுடைய வழியை மறித்துக்கொண்டிருந்தது என்பது அவன் எண்ணிப் பார்க்காத ஒன்று. அவள் போன பிறகு மேல் மாடியில் யாரோ பியானோவின் மூடியைச் சாத்தும் சத்தம் கேட்டது. கூடத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி அவனுக்கு ஒரு கோப்பைக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவன் குடிக்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் லாய்டின் இயந்திரங்கள் ஏலம் போயின. வீட்டைப் பூட்டிவிட்டு, நிலத்தைக் கிளைடிடமே விட்டுவிட்டு, பிரென்னா ஆரிகனுக்குப் போனாள். டோரீன் பிஸ்மார்க்கிலிருந்து போன் செய்து, "வித்துட்டு வந்துடுப்பா. இனிமே அங்க உனக்கு யார் இருக்கா?" என்றாள். நான் அப்போதே சொன்னேனே என்று ஒருமுறைகூட அவள் சொல்லவில்லை. அவன் கடையை விற்க விளம்பரம் கொடுத்தான். ஒரே ஒரு இளம் தம்பதி பார்க்க வந்தார்கள். கணவன் உள்ளே வந்து அலமாரிகளைப் பற்றி விசாரித்தான். மனைவி காரை விட்டு இறங்கவே இல்லை. அதன் பிறகு யாரும் வரவில்லை. கடையை மூடிவிட்டுப் போகலாம்தான். ஆனால் திங்கட்கிழமை யாராவது இன்சுலினுக்கு வந்து நிற்பார்கள். செவ்வாய்க்கிழமை வேறு யாராவது. விளம்பரத்தை எடுத்துவிட்டான்.

இரண்டு வருடம் கழித்து, கல்லறையில் பெயர்க்கல் வைக்க பிரென்னா வந்தாள். கிளம்பும்போது கடைக்குள் நுழைந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். இருவரும் காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள்.

"தலவலிக்கு ஏதாச்சும் குடு எவ்."

அவன் வழக்கப்படி கேட்டான். "வேற மருந்து ஏதும் எடுத்துக்கறியா? வேற ஏதாவது நான் தெரிஞ்சுக்கணுமா?"

அவள் தயங்கினாள். "மூணு மாசம்."

அவன் கை எட்டிய மாத்திரையை விட்டு, கீழ்த்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்தான். "இதான் எடுத்துக்கணும். அது வேணாம். ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு, அதுக்கு மேல வேணாம். தண்ணி நெறைய குடி."

"சரி."

"நல்ல சேதி, பிரென்னா."

"ம்." அவள் மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "இங்கயேதான் இருக்கப் போறியா?"

"அப்பிடித்தான் போலிருக்கு."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் கதவு திறந்து, கிளைடின் மனைவி கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்தாள். வந்ததும் வராததுமாக, போன தடவை கொடுத்த மாத்திரை தொண்டையில் சிக்குகிறது, குதிரைக்குக் கொடுப்பதையா எனக்குக் கொடுத்தாய் என்று சண்டை பிடிக்கத் தொடங்கினாள். எவரெட் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது பிரென்னா காரில் ஏறிக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தினான். அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. கார் தானியக் கிடங்கைத் தாண்டித் திரும்பியது.

"காது கேக்குதா உனக்கு?" என்றாள் கிழவி.

"கேக்குது" என்றான் அவன். "சொல்லுங்க."